வடக்கே தலை

எங்கள் ஆஸ்பத்திரியில் அறுக்கிறவள் நான். மயக்க மருந்து கொடுக்கிறவர் என் கணவர். நோயாளியின் தலைமாட்டில் அவர் உட்கார்ந்திருப்பார், வயிற்றுப் பக்கத்தில் நான் நிற்பேன். கம்பத்தில் ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து எங்கள் குடித்தனத்தின் பாதிப் பேச்சு ஆபரேஷன் மேஜைக்கு மேலேதான் நடந்தது. பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவது, அவருடைய அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா, எல்லாம் அங்கேயே முடிவாகும். சண்டையும் அங்கேதான். முகத்துணிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரியும்போது சண்டை போடுவது சுலபம்.

அந்தச் சண்டைகளில் பெரியது மேஜையைப் பற்றியே நடந்தது.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் ஆரம்பித்தபோது மேஜையின் தலைப்பக்கம் வடக்கே இருந்தது. யோசித்துச் செய்ததல்ல. ஆபரேஷன் தியேட்டர் தெற்கு வடக்காக நீண்ட, ஒடுக்கமான அறை. மேஜையைக் குறுக்கே போட்டால் யாரும் நடக்க முடியாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு வடக்குச் சுவரில் மட்டும்தான் பிளக் இருந்தது. அதை ஒட்டித் தலைமாட்டை வைத்தோம், அவ்வளவுதான்.

முதல் மாதத்திலேயே வருசநாட்டிலிருந்து ஒருவர் தன் தங்கையைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கூட்டிவந்தார். தங்கையை மேஜையில் படுக்கவைத்துவிட்டோம். கதவு சற்றுத் திறந்திருந்த நேரத்தில் அண்ணன் எட்டிப் பார்த்தார். உச்சி வெயிலிலும் கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் திசை சொல்லக்கூடிய ஆள் போல. அங்கேயே நின்று கத்தினார்.

"என்ன டாக்டரம்மா இது? வடக்க தலைய வச்சுப் படுக்கப் போட்டிருக்கீக? எந்தப் பாவி மகனாச்சும் வடக்க தலை வச்சுப் படுப்பானா? ஏத்தா, எந்திரி. வா போகலாம்."

கையில் குத்திய ஊசியோடு தங்கை எழுந்து போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி. அடுத்த வாரம் பிரசவத்துக்கு வந்த குடும்பம் மாடிப்படியில் நின்றுகொண்டே, "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறியது. ராகு காலம் பார்த்து ஆபரேஷன் நேரத்தை மாற்றச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. இது எங்களுக்குப் புதிது.

என் கணவர் அன்றைக்கே மேஜையைத் திருப்பிவிட்டார். தலை தெற்கே, கால் வடக்கே. அவருடைய மயக்க மருந்து மெஷினுக்குக் கரண்டே தேவையில்லை, சிலிண்டர் இருந்தால் போதும். ஆகவே அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"எனக்கென்ன, நம்பிக்கையா? ஒண்ணும் கெடையாது. வந்து படுக்குறவுகளுக்கு இருக்குல்ல" என்றார்.

சும்மா சொன்னார். அவர் அனுமந்தன்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வெளியூர் லாட்ஜில் அறை எடுத்தால் முதலில் ஜன்னலைத் திறந்து மலை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். எங்கள் பக்கத்தில் மலையைப் பார்த்தால் மேற்கு தெரிந்துவிடும். சென்னையில் மலை இல்லாததால் ரூம் பாயைக் கூப்பிட்டுக் கேட்பார். "ஏசி காத்து மூஞ்சில அடிக்கக் கூடாதுல்ல, அதான்" என்று எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டே தலையணையை எடுத்து மறுபக்கம் போடுவார்.

நானும் விட்டுவிட்டேன். இங்கே டாக்டரின் பட்டத்தை யாரும் கேட்பதில்லை. கைராசி உண்டா என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கைராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அது எப்படிக் கிளம்பியது என்று எனக்குத் தெரியாது, எப்படிப் போய்விடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றில் கேமரா ஆபரேஷன் எங்களிடம் வந்தது. வயிற்றில் நான்கு சின்னத் துளை. ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளமான இடுக்கிகள். உள்ளே நடப்பது டிவியில் தெரியும். டாக்டர் வயிற்றைப் பார்க்க வேண்டியதில்லை, டிவியைப் பார்த்தால் போதும். அதனால் டிவி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் டாக்டரின் கழுத்தும் இருக்கும். மதுரையில் பயிற்சிக்குப் போனபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம். படிக்கும் காலத்தில் முதுகு வலிக்கிறது என்று சொன்ன ஒரு மாணவனைப் பார்த்து எங்கள் பேராசிரியர், "நீ தோல் வைத்தியம் படி, உட்கார்ந்தே பார்க்கலாம்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு நான் நோயாளியின் இடது பக்கம் நிற்க வேண்டும். டிவி அவருடைய வலது தோளுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். எங்கள் தியேட்டரில் தலை தெற்கே போனதால் தோளும் தெற்கே போய்விட்டது. பிளக் வடக்கே இருந்தது. டிவியை நோயாளியின் கால்மாட்டில், ஒரு அலமாரியின் மேல் வைத்தோம். என் கைகள் வலது பக்கம் வேலை செய்யும், முகம் இடது பக்கம் திரும்பி அண்ணாந்து பார்க்கும்.

அது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. நான் குள்ளம். மேஜையை முழுக்க இறக்கினாலும் கேமராவுக்காக உள்ளே ஏற்றிய வாயுவால் உப்பிய வயிறு என் நெஞ்சுக்கு வந்துவிடும். இடுக்கிகளோ ஒரு முழ நீளம். அவற்றைப் பிடிக்க முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும், மழையில் நனைந்த கோழி இறக்கையை உலர்த்துகிற மாதிரி. அதற்காக ஒரு பலகையின் மேல் ஏறி நின்றேன். பலகையில் நின்றால் ரத்தக்குழாயைக் கருக்கும் மெஷினின் மிதி தரையில் கிடக்கும். வலது காலைக் கீழே தொங்கவிட்டு மிதியைத் தேட, முழு உடம்பும் இடது காலில் நிற்கும்.

கேமராவைப் பிடிப்பது எங்கள் தியேட்டர் சிஸ்டர். சின்னமனூர்க்காரி. என் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, இடுப்பை ஒடித்து, அவளும் அதே டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றும்போது சொன்னாள்: "அம்மா, நீக கொக்கு மாதிரி நிக்கீக, நா ஒங்க அடியில மீனு மாதிரி கெடக்கேன்."

சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? டிவியைத் தெற்கே கொண்டுபோக ஒருமுறை தரையில் ஒயர் இழுத்துப் பார்த்தோம். ஆக்சிஜன் சிலிண்டரின் சக்கரம் அதில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டது. வயிற்றுக்குள் ஒரு ரத்தக்குழாயை நான் கவ்விப் பிடித்திருந்த நேரத்தில் டிவி இருண்டது. சிஸ்டர் ஓடிப்போய் மாட்டும்வரை கையை அசைக்காமல் நின்றேன். முதுகில் வியர்வை ஓடியதை இன்றும் சொல்ல முடியும். அதோடு தரையில் ஒயரே கூடாது என்றேன். சுவருக்குள் கொண்டுபோவதென்றால் கூரைவரை ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டும், தியேட்டரை மூட வேண்டும், பிரசவ வலியில் வருகிறவர்களைத் தேனிக்கு அனுப்ப வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் கணவர். அந்தப் பிறகு வரவே இல்லை.

நான்கு வருஷம் அப்படி நின்றேன். முதலில் இடது தோள் வலித்தது. தலையணையை மாற்றினேன். பிறகு இடது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சில நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தன. ஒரு காலையில் தாளிக்கும்போது இடது கையில் கடுகு டப்பாவைப் பிடித்திருந்தேன். அது தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அடுப்படி முழுக்கக் கடுகு. குனிந்து பொறுக்கியபோது இடது விரலில் கடுகு ஒட்டியிருப்பதே எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேமரா ஆபரேஷனை நிறுத்து என்பார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. தையல் மறையும் முன்பே நோயாளி எழுந்து தோட்டத்துக்குப் போவதைப் பார்க்கிற சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்குப் பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தேன். இடது கை இடுக்கி பித்தப்பையின் கழுத்தைக் கவ்வி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், வலது கை பிரிக்க வேண்டும். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை விரல்தான் சொல்லும். என் விரல் ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று டிவியில் பச்சை. பை கிழிந்து பித்தநீர் கல்லீரல் மேலே வழிந்தது.

கழுவி, உறிஞ்சி எடுத்து, ஆபரேஷனை ஒழுங்காக முடித்தேன். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதற்குப் பிறகு என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடை மாற்றும் அறையில் கதவைத் தாழிட்டார். "கண்ண மூடு" என்றார். என் இடது கையைப் பிடித்தார்.

"எந்த வெரலக் குத்துறேன்?"

"இன்னும் குத்தவே இல்லையே."

கண்ணைத் திறந்தேன். பெருவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. அவர் ஊசியை வைத்துவிட்டுப் பஞ்சால் அதை ஒற்றினார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தெலும்பு இரண்டுக்கு நடுவிலிருந்த ஜவ்வு இடது பக்கம் பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்த நரம்பு டாக்டர், "எந்தப் பக்கம் திரும்பி நின்று வேலை செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் தலையைத் திருப்பிக் காட்டினேன். "இப்படியேவா?" என்றார். இப்போது உணர்ச்சி குறைகிறது, அடுத்தது பலம் குறையும், பலம் போனால் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, இனி இப்படி நிற்காதீர்கள் என்றார்.

திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மேஜையத் திருப்பிருவோம். தலைய வடக்க வச்சா டிவி எனக்கு நேரா வந்துரும். ஒரு செங்கலக்கூட ஒடைக்க வேண்டாம்."

"கேமராவ விட்டுரு. வயித்தத் தொறந்து செய்யி, முன்ன மாதிரி."

"அதுக்குக் குனியணும். குனிஞ்சா மட்டும் நரம்பு சும்மா இருக்குமா?"

"வடக்க வச்சா எவனும் வர மாட்டான். பாத்தேல்ல?"

"கை போயிட்டா மட்டும் வருவாகளா?"

"மெதுவாப் பேசு" என்றார். ஓடுகிற காரில், கண்ணாடி ஏற்றியிருக்க, எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. யாருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தார்? எனக்கு வந்த கோபத்தில் ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரம் நின்று அழுதேன். அவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஆனால் அவர் சரி என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் பித்தப்பையைத் தொடவில்லை. வந்தவர்களைத் தேனிக்கு அனுப்பினேன். பிரசவ ஆபரேஷனும் சின்னச் சின்ன வேலைகளும் மட்டும். நரம்பு டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டையை வீட்டில் போட்டுக்கொள்வேன், ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்கும் முன் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். கைராசி டாக்டரின் கழுத்தில் பட்டையைப் பார்த்தால் அன்றைக்கே பேச்சு கூடலூர்வரை போய்விடும். ஓய்வு கொடுத்ததில் விரல்களில் உணர்ச்சி ஓரளவு திரும்பியது. வீட்டில் மட்டும் எதுவும் திரும்பவில்லை. மேஜை மேலே பேசிய பேச்சுகளெல்லாம் நின்றுபோயின. "பிரஷர்?" என்பேன். "நூத்திப் பத்து" என்பார். அதுதான் எங்கள் குடித்தனம்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு வலி வந்தது. வாயு என்று சொல்லி சோடா குடித்தார். டாக்டர்கள் தங்களுக்கு வந்தால் எல்லாவற்றையும் வாயு என்பார்கள். மறுநாள் காலையில் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தது. நானே வயிற்றில் ஸ்கேன் பார்த்தேன். பித்தப்பையின் வாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சீழ் கட்டிவிட்டது, சுவர் தடித்துப்போயிருந்தது. நாடி வேகமாக ஓடியது, ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மதுரைக்குப் போவோம்" என்றேன்.

"போக மாட்டேன்."

"வெளையாடாதீக."

"நான் மதுரையில போயி அறுத்துக்கிட்டு வந்தா, பொண்டாட்டி கையில புருசனே படுக்கலைம்பாக. அதுக்கப்புறம் இங்கன ஒரு ஈ காக்கா வருமா?"

எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. சீழ் பிடித்த வயிற்றோடு படுத்துக்கொண்டு ஊர் என்ன சொல்லும் என்று கணக்குப் போடுகிற மனுஷனை வேறு என்ன செய்வது? அதோடு ரோடும் சரியில்லை. வழியில் வீரபாண்டியில் அக்கினிச்சட்டிக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. தேனிக்குப் போன எங்கள் டிரைவர், வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன என்று போன் செய்திருந்தார். உத்தமபாளையத்தில் இருந்த மூத்த மயக்க டாக்டர் ஒருவரை வரவழைத்தேன். அந்த ஊர் வீரபாண்டிக்கு எங்கள் பக்கம் இருந்ததால் சீக்கிரமே வந்து சேர்ந்தார். நாடியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவு வேணா எடுங்க. வெரசா எடுங்க" என்றார்.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கணவரை ஆறேழு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்துப் பேசினேன்.

"டிவிய நேராப் பாத்து நின்னா என்னால செய்ய முடியும். திரும்பி நின்னா என் வெரல நான் நம்ப மாட்டேன். வடக்க தலைய வச்சுப் படுத்தா அறுக்குறேன். இல்லன்னா ஆம்புலன்ஸ்ல ஏறுங்க, கூட்டம் வெலகும்வரை ரோட்டுல கெடப்போம்."

"வயித்தத் தொறந்து..."

"மாட்டேன்."

சிஸ்டர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பல் கிடுகிடுவென்று ஆடியது. காய்ச்சலாலா பயத்தாலா தெரியவில்லை.

"திருப்புங்க" என்றார்.

மேஜையின் சக்கரங்கள் பத்து வருஷமாக நகராமல் துருப்பிடித்திருந்தன. சிஸ்டரும் இன்னொரு நர்ஸும் வார்டு ஆளும் தள்ள, அது தரையைக் கீறிக்கொண்டு திரும்பியது. நான் மேஜையின் மெத்தையை எடுத்துவிட்டு ஒரு கம்பளியை மடித்து விரிக்கச் சொன்னேன். நாலு விரல்கடை உயரம் குறைந்தது. பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையைச் சேர்த்துப் போட்டு மிதியை அதன் மேலே வைத்தேன். இரண்டு காலும் ஒரே உயரத்தில் நின்றன. இத்தனை வருஷத்தில் இன்னொரு பலகை வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் நடந்தே வந்தார். மேஜையில் உட்கார்ந்து, தலை வைக்க வேண்டிய பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வடக்குப் பக்கமாகச் சாய்ந்தார். உதடு அசைந்தது. வீரபாண்டிக் கௌமாரியம்மனைக் கூப்பிட்டாரா என்னைத் திட்டினாரா என்று தெரியாது.

"என்ன, கல்லு மாதிரி இருக்கு?"

"மெத்தைய எடுத்துட்டேன். எனக்கு ஒசரம் கொறையணும்."

"ஒனக்கு ஒசரம் கொறையணும்னா புருசனக் கல்லுல போடுவியா?"

சிஸ்டர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பி, "பயமா இருக்குத்தா" என்றார். கல்யாணமாகி அந்த நாள்வரை அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் பயமாக இருந்தது. எனக்கும்தான் என்று சொன்னேன். அதற்குள் உத்தமபாளையத்துப் பெரிய டாக்டர் மயக்க மருந்தை ஏற்றிவிட்டார், என் கணவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வயிற்றைத் திறக்க வேண்டிவந்தால் தேவைப்படும் கருவிகளைத் தனித் தட்டில் எடுத்துவைக்கச் சொன்னேன். கேமரா உள்ளே போனது. டிவி எனக்கு நேர் எதிரே, அவருடைய தோளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் மூக்கு, என் கைகள், அவருடைய கல்லீரல், டிவி, எல்லாம் ஒரே கோட்டில். முழங்கைகள் உடம்போடு ஒட்டி இருந்தன. சிஸ்டர் என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நிற்பது இவ்வளவு சுலபமான காரியமா?

உள்ளே மோசமாக இருந்தது. பித்தப்பை கறுத்து, கொழுப்பு அதைப் போர்த்தி ஒட்டியிருந்தது. ஊசியால் சீழை இறக்கினேன். கவ்வினேன். பிரிக்கப் பிரிக்கக் கசிந்தது. எது குழாய், எது கொழுப்பு, எது கல்லீரலுக்குப் போகிற வழி என்று தெரியாத அந்த இடத்தில் ஒரு தப்பு வெட்டு விழுந்தால் அதோடு போச்சு. வேறு யாருக்கோ என்றால் அந்த நினைப்பு வராது. அவருடைய அப்பா தோட்டத்திலிருந்து எனக்கு அனுப்பிய வாழைத்தார்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

அப்போது இடது பெருவிரலில் எறும்பு ஊர்ந்தது.

வயிற்றைத் திறந்துவிடலாமா என்று யோசித்தேன். இடுக்கியை மெல்ல விட்டேன். "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றேன். கையைத் தொங்கவிட்டு, மோவாயை நெஞ்சில் பதித்து, தோள்களை இறக்கினேன். அதுவரை எந்த ஆபரேஷனிலும் நடுவில் நான் கையை எடுத்ததில்லை. எடுத்தால் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்பது எங்கள் தலைமுறைக்கு ஊறிப்போன எண்ணம். மெஷின் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

"கை மரக்குது சார். ஒரு நிமிஷம்."

அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "பிரஷர் நல்லா இருக்கு. மெதுவாச் செய்யுங்க" என்றார்.

எறும்பு நின்றது. சிஸ்டர் இடுக்கியை என் கையில் வைத்தாள். அதன் குளிர்ச்சி பெருவிரலில் தெரிந்தது. கவ்விய இடத்தில் சதையின் இழுப்பும் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். ரத்தக்குழாய் தனியாக வந்தது, கிளிப் போட்டேன். பித்தக்குழாய் தனியாக வந்தது, கிளிப் போட்டேன். இன்னும் இரண்டு முறை கையை எடுத்து ஓய்வு கொடுத்தேன். பித்தப்பை வெளியே வந்தபோது சிஸ்டர் அழுதுகொண்டிருந்தாள், கேமராவை ஆட்டாமல்.

விழித்ததும் அவர் முதலில் கேட்டது, "கை எப்படி இருக்கு?" என்றுதான். தொண்டையில் குழாய் போட்டு எடுத்திருந்ததால் குரல் கரகரத்தது. நான் இடது கையால் அவர் கன்னத்தைத் தொட்டேன். தாடி குத்தியது. குத்துகிறது என்று சொன்னேன்.

மேஜையை மறுபடி தெற்கே திருப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எழுந்து வேலைக்கு வந்த வாரத்தில் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தார். இருபத்திரண்டு வயசுப் பெண், பித்தப்பையில் கல். எல்லாம் பேசி முடித்து, மறுநாள் சேர்க்கலாம் என்றும் ஆயிற்று. எழுந்த பிறகு அந்த அம்மா கேட்டார்.

"தலைய எந்தப் பக்கம் வச்சு அறுப்பீக?"

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் என் கணவர் இருந்தார். தெற்கே என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கதவை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"வடக்க" என்றார்.

அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். இவர் எழுந்து வழியை மறித்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வயிற்றில் நான்கு தழும்பும் இன்னும் சிவப்பாக இருந்தன.

"இந்தா பாருங்க ஆத்தா. நான் அனுமந்தன்பட்டிக்காரன். வடக்க தலை வச்சுப் படுக்காத வம்சம். போன மாசம் இதே மேஜையில நான்தான் படுத்தேன். அறுத்தது இவதான்."

அந்த அம்மா குனிந்து ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாஞ் சரித்தா. தெக்க வச்சா ஒனக்கென்ன கேடு?"

அதற்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். மெஷின், ஒயர், பிளக் என்று எதையாவது சொன்னால் அவர் நம்பியிருப்பார். என் கணவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், சொல்லாதே என்றா சொல் என்றா எனக்குப் புரியவில்லை. எனக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது.

"தெக்க வச்சா நான் கழுத்தத் திருப்பி நிக்கணும் ஆத்தா. திருப்பி நின்னா இந்தக் கை மரத்துப் போகுது" என்று இடது கையை நீட்டினேன்.

சொல்லிவிட்டேன். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். அந்த அம்மா என் கையைத் தன் இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். களையெடுத்துக் காய்த்துப்போன கை, சொரசொரவென்று இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப வடக்கயே போடுங்க" என்றார். "எம்புள்ளைக்கு இந்தக் கைதான வேணும்."

என் கணவர் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.